செயின் டைட்டா, லூசா?
(கியர் இல்லாத சைக்கிளுக்கு ஒரு செய்முறைப் பாடம்)



லேத், மில்லிங், பம்ப், கம்ப்ரசர் என்று மூன்று வருடத்தில் எத்தனையோ எந்திரங்களைப் படிக்கிறோம். படம் வரைகிறோம், பாகம் குறிக்கிறோம். ஆனால் நம்மில் பலர் தினமும் ஏறி வருகிற எந்திரத்தை மட்டும் யாரும் ரெக்கார்டு நோட்டில் வரைவதில்லை. அதுதான் சைக்கிள்!

அதிலும் கியர் இல்லாத சைக்கிளைப் பாருங்கள். பழைய கறுப்பு ரோட்ஸ்டர் ஆகட்டும், தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் வைத்து 'எம்.டி.பி.' என்று விற்கிற மலை சைக்கிள் மாடல் ஆகட்டும், விஷயம் ஒன்றுதான். முன்னால் ஒரு செயின் வீல், பின்னால் ஒரு ஃப்ரீவீல், இரண்டையும் சேர்த்து ஒரு செயின். இதில் என்ன பெரிய தொழில்நுட்பம் என்று கேட்கலாம். ஆனால் அந்தச் செயின் எவ்வளவு டைட்டாக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள்.

"நல்லா இழுத்து டைட் வெச்சுட்டேன் தம்பி, இனிமே கழலவே கழலாது" என்பார் ஒரு கடைக்காரர். கொஞ்ச நாளில் பெடல் கனக்கும், 'கடக் கடக்' என்று சத்தம் வரும். வேறு கடைக்குப் போனால் "யாருப்பா இவ்ளோ டைட் வெச்சது?" என்று லூஸ் பண்ணி விடுவார்கள். அடுத்த பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கழன்று, கால் சட்டென்று கீழே போய், உடம்பு முன்னால் சாயும். பின்னால் பஸ் வரும் நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, இது சும்மா சத்தம் வருகிற பிரச்சினை மட்டும் இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட அட்ஜஸ்ட்மெண்ட்.

இதற்கு ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

1. பெல்ட் வேறு, செயின் வேறு

நம் பாடத்தில் பெல்ட் டிரைவ் வருகிறது. டைட் பக்கம், ஸ்லாக் பக்கம், இனிஷியல் டென்ஷன் எல்லாம் மனப்பாடம் செய்திருப்போம். பெல்ட் உராய்வை நம்பி வேலை செய்கிறது. புல்லியை அது இறுகப் பிடித்தால்தான் சுற்றும். ஆகவே பெல்ட்டை மாட்டும்போதே ஓர் இழுவிசை கொடுத்து மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும்.

செயின் உராய்வை நம்பவில்லை, பல்லை நம்புகிறது. ஒவ்வொரு ரோலரும் ஒரு பல்லின் பள்ளத்தில் உட்கார்ந்து இழுக்கிறது. ஆகவே செயினுக்கு இனிஷியல் டென்ஷன் தேவையே இல்லை. நாம் மிதிக்கும்போது மேல் பக்கம் தானாகவே இறுகும். கீழ்ப் பக்கம் சும்மா தொங்கிக்கொண்டு திரும்பி வரும். அதன் வேலையே அவ்வளவுதான்.

மேல் பக்கம் எவ்வளவு இறுகும் என்று ஒரு கணக்குப் போடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே பெடலில் எழுந்து நிற்கிறார். கிராங்க் நீளம் 165 மி.மீ. செயின் வீலுக்கு 48 பல். செயினின் பிட்ச் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்பதால், 48 பல் வீலின் பிட்ச் வட்ட ஆரம் சுமார் 97 மி.மீ. மொமெண்ட் எடுத்தால் 60 × 165 ÷ 97 = சுமார் 102 கிலோ. நூறு கிலோ மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போல மேல் பக்கம் இழுபடுகிறது!

இவ்வளவு இழுவிசையையும் மிதிக்கிற கால் தருகிறது. ஸ்பானர் தர வேண்டியதில்லை. பெல்ட்டுக்கு உள்ள சட்டத்தைச் செயினுக்குப் போடுவதுதான் பல பேர் செய்கிற தவறு. செயினில் நாம் அட்ஜஸ்ட் பண்ணுவது இறுக்கத்தை அல்ல, தளர்வை. செயின் பல்லை விட்டுக் கழலாத அளவுக்குக் குறைவான தளர்வு, எந்த இடத்திலும் விறைத்து நிற்காத அளவுக்குப் போதுமான தளர்வு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் வேலை.

2. கொஞ்சம் பின்னணி

இப்போது நாம் பயன்படுத்தும் புஷ் ரோலர் செயினை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்ற எஞ்சினியர் உருவாக்கினார். 1885-இல் ஜே.கே. ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் வந்தது. ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின் சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய சைக்கிளின் உருவம் அதிலிருந்துதான் நிலைத்தது. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில்கூட எஞ்சினிலிருந்து இரண்டு புரொப்பல்லருக்கும் சக்தி போனது செயின் வழியாகத்தான். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா!

கியர் சைக்கிளில் பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு கை (டிரெய்லர்) தொங்குகிறது. அது தளர்வைத் தானே இழுத்துக்கொள்ளும். நம் சைக்கிளில் அது இல்லை. பின் சக்கரத்தின் ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் ஒரே வழி. அதற்காகத்தான் ஃபிரேமின் பின் முனையில் நீளமான பிளவு இருக்கிறது. பல சைக்கிள்களில் அதோடு செயின் அட்ஜஸ்டர் என்ற சிறிய போல்ட்டும் இருக்கும்.

3. ஒரு மில்லிமீட்டரின் மகிமை

செயின் நேராக, விறைப்பாக இருக்கும்போது இரண்டு வீலுக்கும் நடுவில் அதன் நீளம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் விரலால் அழுத்தினால் அது ஒரு முக்கோணமாக வளையும். பாதி நீளம் 225 மி.மீ. பிதாகரஸ் தேற்றம் போட்டால், நடுவில் 10 மி.மீ. இறங்குவதற்குச் செயினில் எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும் என்று தெரியும். √(225² + 10²) = 225.22. இரண்டு பக்கமும் சேர்த்து வெறும் 0.44 மி.மீ.!

இதையே மற்ற அளவுகளுக்கும் போட்டால் கிடைப்பது இது. (மொத்த ஆட்டம் என்பது நடுவில் விரலால் மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்தும்போது செயின் நகரும் மொத்தத் தூரம்.)

மொத்த ஆட்டம் 12 மி.மீ. என்றால் கூடுதல் நீளம் 0.16 மி.மீ.
மொத்த ஆட்டம் 20 மி.மீ. என்றால் கூடுதல் நீளம் 0.44 மி.மீ.
மொத்த ஆட்டம் 40 மி.மீ. என்றால் கூடுதல் நீளம் 1.78 மி.மீ.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆக்ஸில் 1 மி.மீ. பின்னால் போனால் மேல் பக்கம் ஒன்று, கீழ்ப் பக்கம் ஒன்று என்று ஏறத்தாழ 2 மி.மீ. செயின் உள்ளே போய்விடும். ஆகவே 40 மி.மீ. தொளதொளவென்று ஆடுகிற செயினை 12 மி.மீ. ஆட்டத்துக்குக் கொண்டுவர ஆக்ஸிலை எவ்வளவு நகர்த்த வேண்டும்? 1.78-இல் 0.16 போக 1.62. அதில் பாதி சுமார் 0.8 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

"கொஞ்சம் இழுத்தேன், ஒரேயடியா டைட் ஆயிடுச்சு" என்று சலித்துக்கொள்வது இதனால்தான். அட்ஜஸ்டர் போல்ட்டின் திரெட் 1 மி.மீ. பிட்ச் என்றால், ஒரு முழுச் சுற்று 1 மி.மீ. ஆகவே அட்ஜஸ்டரை முழுச் சுற்றாகத் திருகக் கூடாது. கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திருக வேண்டும்.

4. இறுக்கமான இடத்தைத் தேடு

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

சைக்கிளை டபுள் ஸ்டாண்டு போட்டு பெடலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கீழ்ப் பக்கச் செயின் ஓர் இடத்தில் தொங்கும், கொஞ்சம் சுற்றினால் இறுகும், மறுபடி தொங்கும். ஏன்? செயின் வீல் சரியான மையத்தில் சுற்றவில்லை. வீலின் மையமும் ஆக்ஸிலின் மையமும் ஒரு தலைமுடி அளவு விலகியிருந்தாலே போதும். நாம் எக்சென்ட்ரிசிட்டி என்று படிப்பது இதைத்தான்.

விலகல் வெறும் 0.2 மி.மீ. என்று வைப்போம். வீல் ஒரு முறை பின்சக்கரத்தை விட்டு 0.2 விலகும், அரைச்சுற்றில் 0.2 நெருங்கும். மையங்களுக்கு இடையே மொத்தம் 0.4 மி.மீ. வித்தியாசம். செயின் இரண்டு பக்கமும் போவதால் பாதையின் நீளத்தில் 0.8 மி.மீ. வித்தியாசம். இப்போது முந்தைய கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இறுக்கமான இடத்தில் 12 மி.மீ. ஆட்டம் இருந்தால், அதே செயினுக்குத் தளர்வான இடத்தில் சுமார் 29 மி.மீ. ஆட்டம் வரும்.

இங்கேதான் ஏமாறுகிறோம். தளர்வான இடம் வரும்போது செயினைத் தொட்டுப் பார்த்து, "லூசா இருக்கே" என்று அந்த இடத்திலேயே 12 மி.மீ.க்கு வைத்தால் என்ன ஆகும்? அரைச்சுற்று போனதும் செயினுக்கு 0.64 மி.மீ. நீளம் போதாது. செயின் ரப்பர் இல்லை, நீளாது. ஆகவே வேறு ஏதாவது வளைய வேண்டும். ஆக்ஸில் வளையும், பி.பி. கப்பில் பால்ஸ் நசுங்கும், கோனில் குழி விழும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முறை! 'கடக் கடக்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே விதி இதுதான். தளர்வை எப்போதும் செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். அந்த இடத்தில் மொத்த ஆட்டம் சுமார் அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. இருக்க வேண்டும்.

ஃப்ரீவீலும் சற்று மையம் விலகியிருக்கலாம். 48 பல்லுக்கும் 18 பல்லுக்கும் உள்ள விகிதம் 8-க்கு 3. அதாவது பெடல் 3 சுற்று சுற்றினால்தான் ஃப்ரீவீல் 8 சுற்று முடிந்து இரண்டும் பழைய நிலைக்கு வரும். ஆகவே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முன்னோக்கி மூன்று சுற்றாவது பாருங்கள். உங்கள் சைக்கிளில் பல் எண்ணிக்கை வேறாக இருந்தால் விகிதத்தை நீங்களே சுருக்கிப் பாருங்கள்.

தளர்வான இடத்துக்கும் இறுக்கமான இடத்துக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் அட்ஜஸ்டரால் தீராது. காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். செயின் வீல் கிராங்கோடு நிரந்தரமாகச் சேர்ந்த மாடலில் வீல் வளைந்திருக்கிறதா, பி.பி. ஆக்ஸில் ஆடுகிறதா, காட்டர் பின் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செயின் வீல் தனியாக நாலைந்து போல்ட்டில் மாட்டியிருக்கும் மாடலில் வசதி அதிகம். இறுக்கமான இடத்தில் பெடலை நிறுத்தி, போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, வீலின் முன் விளிம்பில் மரச் சுத்தியலால் பின்சக்கரத்தை நோக்கி லேசாகத் தட்டலாம். வீல் கொஞ்சம் மையத்துக்கு வரும். மறுபடி சுற்றிப் பார்த்து, மறுபடி தட்டி, திருப்தியானதும் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி முடிக்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெக்கானிக்காக இருந்து 2008-இல் மறைந்த ஷெல்டன் பிரவுன், வீலைத் தட்டி மையப்படுத்தும் இந்த வித்தையை விரிவாக விளக்கி எழுதியவர்.

5. செய்முறை

தேவையானவை: ஆக்ஸில் நட்டுக்குச் சரியான ஸ்பானர் (கட்டிங் பிளையர் வேண்டாம், நட் முனை மழுங்கும்), அட்ஜஸ்டருக்கு ஒரு சிறிய ஸ்பானர், ஸ்கேல், பழைய துணி.

முதலில் பாதுகாப்பு. சைக்கிள் செயினில் விரல் போவது பெரும்பாலும் ரோட்டில் இல்லை, இந்த மாதிரி ஸ்டாண்டு போட்டு நோண்டும்போதுதான். ஆகவே ஒரே ஒரு விதி. பெடலைச் சுற்றும் கையும் செயினைத் தொடும் கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். "டேய், நீ சுத்துடா, நான் பாக்கறேன்" என்பது வேண்டவே வேண்டாம். செயினைத் தொடும் முன் பின்சக்கரம் முழுவதும் நின்றிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

(அ) செயினைத் துடையுங்கள். விறைத்த கண்ணி இருக்கிறதா பாருங்கள். ஃப்ரீவீலைக் கடக்கும்போது ஒரு கண்ணி மட்டும் துள்ளினால் அது பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்து அதை முதலில் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் அளவே தப்பாக வரும்.

(ஆ) பெடலை மெதுவாக மூன்று சுற்று சுற்றி, இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தில் செயின் வீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

(இ) இரண்டு ஆக்ஸில் நட்டையும் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், சக்கரம் சற்று நகரும் அளவு போதும். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பிகள் அதே ஆக்ஸிலில் மாட்டியிருந்தால் அவை தடுக்கிறதா பாருங்கள்.

(ஈ) அட்ஜஸ்டர் இருந்தால் வலது, இடது இரண்டையும் கால் சுற்று, கால் சுற்றாக மாறி மாறித் திருகுங்கள். வலது பக்கம் மட்டும் திருகினால் சக்கரம் கோணலாகி, டயர் ஃபிரேமில் உரசும்.

(உ) அட்ஜஸ்டர் இல்லையா? கவலை வேண்டாம், சக்கரத்தை 'நடக்க' வைக்கலாம். வலது நட்டை லேசாகப் பிடித்துவிட்டு, இடது நட் தளர்வாக இருக்கும்போது டயரின் முன்பகுதியை (பி.பி.க்குப் பக்கத்தில் உள்ள பகுதியை) இடது பக்கம் தள்ளுங்கள். ஆக்ஸிலின் இடது முனை கொஞ்சம் பின்னால் போகும். இப்போது இடது நட்டைப் பிடித்து, வலதைத் தளர்த்தி, டயரை வலது பக்கம் தள்ளுங்கள். வலது முனை பின்னால் போகும். நாம் பீரோவை நகர்த்தும்போது ஒரு கால், மறு கால் என்று நகர்த்துவோமே, அதே வித்தைதான்.

(ஊ) சாக்பீஸ் கோடு பழைய இடத்தில் இருக்கும்போது, கீழ்ப் பக்கத்தின் நடுவில் விரலால் தூக்கி, அழுத்தி, ஸ்கேலால் அளங்கள். 12 மி.மீ. வந்ததா? சரி.

(எ) டயர் இரண்டு பக்க ஃபோர்க் கம்பிக்கும் நடுவில் நிற்கிறதா பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஃப்ரீவீலும் செயின் வீலும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். செயின் பக்கவாட்டில் வளைந்து ஓடினால், தளர்வு சரியாக இருந்தாலும் கழலும்.

(ஏ) நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளவு பாருங்கள். நட் திரும்பும்போது ஆக்ஸிலையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு மில்லிமீட்டரின் மகிமை ஞாபகம் இருக்கட்டும்!

(ஐ) பிரேக்கை மறக்காதீர்கள். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் ரிம்மும் நகர்ந்திருக்கும். பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா, டயரைத் தொடுகிறதா என்று பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிய பிறகே ஏறுங்கள்.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு. சக்கரம் நின்றிருக்கும்போது, செயினின் தளர்வான இடத்தில், ஒரு குச்சியால் செயினைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பல்லை விட்டு இறங்கவில்லை என்றால் ரோட்டிலும் இறங்காது என்று நம்பலாம். இறங்கினால் தளர்வு அதிகம், அல்லது வீல் மையம் விலகியிருக்கிறது.

6. 'ஒரு கண்ணி எடுத்துடலாம்' வைத்தியம்

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் தகடு நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி கூடுகிறது. ஒரு மூட்டில் 0.127 மி.மீ. தேய்ந்தால் அது பிட்ச்சில் 1 சதவீதம். நம் உதாரண சைக்கிளில் 104 கண்ணி என்றால், செயின் நீளம் 1321 மி.மீ. 1 சதவீதம் என்பது சுமார் 13 மி.மீ. ஆக்ஸில் அதில் பாதி, ஆறரை மி.மீ. பின்னால் போயிருக்கும்.

இதை ஸ்கேல் வைத்தே அளக்கலாம். புதுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள பின்னின் மையம் வரை சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் தேய்மானம் 1 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? ஆக்ஸில் பிளவின் கடைசிக்கே போய்விடும். "இன்னும் இழுக்க இடமில்ல, ஒரு கண்ணி எடுத்துடலாம்" என்பார்கள். உள் கண்ணி, வெளிக் கண்ணி என்று ஜோடியாகத்தான் எடுக்க முடியும். ஆகவே குறைவது 25.4 மி.மீ. அந்த அளவு நீளம் முழுவதும் தேய்மானத்தால் வந்தது என்றால், தேய்மானம் 25.4 ÷ 1321, அதாவது ஏறத்தாழ 2 சதவீதம்! மாற்ற வேண்டிய எல்லையைப் போல இரண்டு மடங்கு. (ஆரம்பத்திலேயே செயின் நீளமாக மாட்டப்பட்டிருந்தால் கதை வேறு. அப்போது கண்ணி எடுப்பது சரிதான். அதனால்தான் எடுக்கும் முன் ஸ்கேல் வைக்கச் சொல்கிறேன்.)

பிட்ச் கூடிய செயினின் ரோலர், பல்லின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேலே ஏறி நிற்கும். பல் கொக்கி மாதிரி தேயும். அப்போது தளர்வு சரியாக 12 மி.மீ. வைத்திருந்தாலும், எழுந்து மிதிக்கையில் செயின் பல் தாவும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பழைய ஃப்ரீவீலில் அது ஒட்டாது. செயினை மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் செயின், ஃப்ரீவீல், சில சமயம் செயின் வீலும் சேர்த்து வாங்க வேண்டி வரும். மாணவர் பாக்கெட்டுக்கு இது பெரிய அடி அல்லவா? சிக்கனம் என்று நினைத்துச் செய்வது செலவில் போய் முடிகிறது.

தேய்மானத்தைத் தள்ளிப்போட ஒரே வழி சுத்தமும் எண்ணெயும். துணியால் துடைத்து, கண்ணிகளின் மூட்டில் சொட்டு சொட்டாக எண்ணெய் விட்டு, வெளியில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்தான். வெளியே பிசுபிசுவென்று இருந்தால் மண் ஒட்டி, அதுவே அரைக்கும் பேஸ்ட் ஆகிவிடும். வண்டியிலிருந்து வடித்த கறுத்த எஞ்சின் ஆயில் வேண்டாம். அதில் தேய்ந்த இரும்புத் துகள் இருக்கும்.

7. மலை சைக்கிளில் என்ன வித்தியாசம்?

மலை சைக்கிள் விளையாட்டே கியர் இல்லாத சைக்கிளில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற மலைப்பகுதியில் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் போன்ற இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண் பாதையில் இறங்கினார்கள். 1976-இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம்! அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். கீழே வந்து சேரும்போது ஹப் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 'ரீபேக்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த மாதிரி ஹப் பிரேக்குக்குச் செயின்தான் பிரேக் ஒயர். செயின் கழன்றால் பின் பிரேக்கும் போச்சு! கியர் இல்லாத சைக்கிளில் செயின் தளர்வு என்பது வெறும் ஓட்டத்துக்கான அட்ஜஸ்ட்மெண்ட் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மேடு பள்ளத்தில் ஓடும்போது கீழ்ப் பக்கச் செயின் சாட்டை மாதிரி அடிக்கும். ஆகவே தளர்வு அதிகமானால் சமதளத்தை விடச் சீக்கிரம் கழலும். அதற்காக விறைப்பாக வைக்கவும் கூடாது. மலை சைக்கிளிலும் அளவு அதே அரை அங்குலம்தான். அதை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

கியர் மாடலைக் கழற்றி ஒற்றைக் கியராக மாற்றுகிறவர்களுக்கு வேறு சிக்கல். பல கியர் ஃபிரேம்களில் பின் பிளவு மேலிருந்து கீழாக இருக்கும். ஆக்ஸிலைப் பின்னால் நகர்த்தவே முடியாது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஸ்பிரிங் வைத்த சிறிய உருளையால் கீழ்ப் பக்கத்தை அழுத்தி வைப்பது. பெடலைப் பின்னால் மிதிக்கும் பிரேக் இருந்தால் இது ஆகாது. அப்போது கீழ்ப் பக்கம்தான் பளுவைத் தாங்கும், ஸ்பிரிங் விட்டுக்கொடுத்துவிடும். இரண்டு, பி.பி. ஆக்ஸிலையே மையம் விலகிய உருளைக்குள் வைத்து, உருளையைத் திருப்பி முன்னால் நகர்த்துவது. போன பகுதியில் எதிரியாக வந்த எக்சென்ட்ரிசிட்டி இங்கே நண்பனாக வருகிறது! மூன்று, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் உள்ள 'அரைக் கண்ணி' சேர்ப்பது. இதனால் நீளத்தை 25.4 மி.மீ.க்குப் பதில் 12.7 மி.மீ. படியாக மாற்றலாம்.

8. வைவாவில் கேட்டால்...

கேள்வி: மோட்டார் பைக்கில் தளர்வு ஏன் அதிகம் விடுகிறார்கள்?
பதில்: பின்சக்கரம் ஸ்விங் ஆர்மில் மேலும் கீழும் ஆடும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. தூரம் அதிகமாகும் நிலையிலும் செயின் விறைக்கக் கூடாது.

கேள்வி: செயின் லாக்கின் கிளிப்பை எந்தப் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும்?
பதில்: மூடிய முனை செயின் போகும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் ஏதாவது தட்டிக் கிளிப் கழன்று விழலாம்.

கேள்வி: கியர் சைக்கிள் செயினை நம் சைக்கிளுக்கு மாட்டலாமா?
பதில்: அந்தச் செயினின் உள் அகலம் குறைவு, அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கோ அதற்கும் குறைவோ இருக்கும். நம் சைக்கிளுக்கு எட்டில் ஒரு பங்கு வேண்டும். தடித்த பல்லில் குறுகிய செயின் உட்காராது.

நண்பர்களே! 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது டைட்டுக்கும் பொருந்தும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். தங்கை, தம்பி சைக்கிளையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் இல்லை, கடையில்தான் கொடுக்கப் போகிறேன் என்றாலும் தப்பில்லை. "அண்ணே, டைட் வைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அண்ணே, சுத்திப் பாத்து, இறுக்கமா இருக்கற இடத்துல அரை இன்ச் ஆட்டம் விடுங்க" என்று சொல்லுங்கள். கேட்கிறவர் டிப்ளமோ படிக்கிறவர் என்று அவருக்கும் தெரியட்டும்!